எந்தப் பரிசோதனை என்பதை யார் முடிவு செய்வது?

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் பிள்ளைகள் பலர் ஓடுவது ‘மாஸ்டர் செக்கப்’புக்கு. சில பேக்கேஜ்களில் சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கும். ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் நிம்மதி. அந்த நிம்மதியை நம்ப முடியாது. சிஇஏ முக்கியமாக நோய் வந்தவரைக் கண்காணிக்க உதவுவது. அறிகுறி இல்லாதவரிடம் நோயைத் தேட அது லாயக்கில்லை.

பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்நோய் வந்திருந்தால், 40 வயதில் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொல்வார்கள். அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பாக. இரண்டில் எது முந்துகிறதோ அது. அப்பாவுக்கு 45 வயதில் வந்திருந்தால் மகளுக்கு 35.

கேட்டதும் பலர் பின்வாங்குவார்கள். முதல் நாள் கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான். பேதி மருந்து கரைசலை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டுக் கழிப்பறைக்கு நடையாய் நடக்க வேண்டும். கூச்சம் வேறு. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. பாலிப் எனும் சதைக்கட்டி இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம் என்பது இதன் பெரிய லாபம். குடலில் ஓட்டை விழுவதும் ரத்தக்கசிவும் அரிது. ஆனாலும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

கொலனோஸ்கோப்பி வேண்டவே வேண்டாம் என்பவருக்கு ஆண்டுதோறும் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் ‘ஃபிட்’ பரிசோதனை உண்டு. கசியாத பாலிப்பை அது தவறவிடும். ரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோப்பியைத் தவிர்க்க முடியாது. என்றாலும், தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் கொலனோஸ்கோப்பியைவிடச் செய்து முடித்த ‘ஃபிட்’ எவ்வளவோ மேல். தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே குடல், கருப்பைப் புற்றுநோய் வரும் குடும்பங்களுக்கு மட்டும் இது போதாது. அவர்கள் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவை சிகிச்சைக்கும் சேர்த்துத் தந்ததாகாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. பாலிப்பை எடுக்கச் சம்மதமா என்பதைப் படிவத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். காப்பீட்டுப் படிவத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். பின்னால் பணம் தர மறுக்க அதுவே சாக்காகும்.

சிகிச்சையில் குறை இருந்தால், காசு கொடுத்துச் சிகிச்சை பெற்றவர் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது; அங்கே மருத்துவர்மீது புகார் என்றால் மாநில மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம்.