வயதுச் சான்றும் அடையாளக் காவலும்

ஒருவர் வயது வந்தவர் என்பதை மெய்ப்பிக்க வேண்டி, அவர் குடியிருக்கும் தெருவையும் வீட்டெண்ணையும் பலர் கையில் ஒப்படைத்தல் முறையாகுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வயது வந்தோர்க்கென எடுக்கப்படும் பாலியற் படங்களைப் பற்றிய சட்டமொன்று இவ்வினாவை எழுப்புகின்றது. அத்தொழிலின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. அதில் ஈடுபட்டோரும் சட்டத்தின் காவலுக்கு உரியரே என்பதை விளக்குதலே நம் கருத்து.

சிறாரை இத்தகைய படங்களில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் பொருட்டு, 1988-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி, படம் எடுப்போர் ஒவ்வொரு நடிகரின் அடையாளச் சீட்டையும் நேரில் ஆராய்தல் வேண்டும். இயற்பெயர், பிறந்த நாள், இதுகாறும் வழங்கிய புனைபெயர்கள் ஆகியவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும். அப்பதிவுகள் உள்ள இடத்தின் முகவரியைப் படத்தின் ஒவ்வொரு பிரதியிலும் குறித்தல் வேண்டும். தவறினோர்க்குச் சிறைத் தண்டனையும் உண்டு. சிறாரைக் காக்கும் இந்நோக்கத்தை யாரே குறை கூறுவர்?

ஆயினும், இதனின்று ஓர் இடர் விளைந்தது. நடிகர் புனைபெயர் பூணுவது பெரும்பாலும் தம்மையும் தம் குடும்பத்தாரையும் பின்தொடர்ந்து துன்புறுத்துவோரிடமிருந்து காத்துக்கொள்ளவே. இயற்பெயரையும் புனைபெயரையும் ஒருங்கே காட்டும் ஏடு அக்காவலைத் தகர்க்க வல்லது. மேலும், சட்டம் நடிகரின் முகவரியைக் கேட்கவில்லையெனினும், மோட்டார் ஓட்டும் லைசென்ஸில் அது அச்சிடப்பட்டிருக்கின்றது. சீட்டைப் படியெடுத்தால் முகவரியும் உடன் செல்லும். இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 2011-ஆம் ஆண்டில் இத்தொழிலைச் சார்ந்த மிகப் பலரின் இயற்பெயர்கள் இணையத்தில் அவர்தம் இசைவின்றி வெளியிடப்பட்டன.

இதற்குப் பரிகாரம் சட்டத்தை மீறுவதன்று. அது வேண்டுவதை மட்டும் தந்து, வேண்டாததை விலக்குவதேயாம். படத்தை எடுத்தவரிடமிருந்து அதனை வாங்கி வெளியிடுவோர்க்குத் தரும் பிரதிகளில், முகவரி, தொலைபேசி எண், சமூகப் பாதுகாப்பு எண் முதலியவற்றை மறைக்க 2008-ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன. அடையாளச் சீட்டின் எண்ணை மட்டும் மறைத்தல் ஆகாது. பெயரும் வயதும் மெய்யென ஒப்புநோக்குதற்கு அஃது இன்றியமையாதது.

இன்னும், பதிவுகளைப் பிறரொருவரிடம் ஒப்படைத்து வைக்கவும் அவ்விதிகள் இசைகின்றன. தம் இல்லத்திலிருந்தே தாமே படமெடுத்து வெளியிடும் நடிகர்க்கு இது பேருதவியாகும். இன்றேல், அவர் தம் வீட்டு முகவரியையே உலகறியப் பொறிக்க நேரும். இவ்வேடுகளைப் பிற ஏடுகளோடு கலவாமல் தனியே வைத்தல் வேண்டும் என்பதும் விதி. அவற்றைப் பூட்டி வைத்தலும், திறந்தவர் யார், எந்நாள், எதன்பொருட்டு எனக் குறித்தலும், வைத்திருக்க வேண்டிய காலம் கழிந்தபின் அழித்தலும் விதியின் கருத்தை நிறைவேற்றும் நற்பழக்கங்களாம்.

அரசினரும் வரம்பிற்கு உட்பட்டவரே. 2016-ஆம் ஆண்டில், பிலடெல்பியாவில் அமர்ந்த மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வாரண்டின்றி இப்பதிவுகளைச் சோதனையிட இடந்தந்த விதி அரசியலமைப்பிற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

ஆகவே, சிறாரைக் காத்தலும் வயது வந்தோரின் மறைபொருளைக் காத்தலும் தம்முள் பகையல்ல. வயதை மெய்ப்பிக்க முகவரி வேண்டுவதில்லை. எவ்வலுவலகத்திலேனும் பிறர் சான்றிதழ்களைக் கையாளும் பொறுப்பு நம் மாணவர்க்கு வாய்க்குங்கால், "இது எதற்கு வேண்டும்? இதனை யார் காண்பர்?" என்னும் இரு வினாக்களையும் முதலில் எழுப்புவாராக. ஒருவர் நம்மை நம்பித் தந்த தாள் நமது உடைமையன்று, அடைக்கலப் பொருளேயாம்.