துவரம்பருப்பும் ஒரு மருந்துதான்!

மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு 'சானடோரியம்' என்பது ஒரு ஸ்டேஷன். அவ்வளவுதான். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பாதிப் பேர் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்ப்பார்கள். காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் தங்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, மாதக்கணக்கில் ஓய்வெடுக்க விட்ட ஆஸ்பத்திரிக்குப் பெயர்தான் சானடோரியம். 'எலும்புருக்கி' என்று வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்களே, அதே நோய்தான்.

காற்று, ஓய்வு, சாப்பாடு. மாத்திரை வராத காலத்தில் வைத்தியம் இவ்வளவுதான். பிறகு மாத்திரை வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. இத்தனை லட்சம் நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது?

பதில் நம்ம சென்னையில் கிடைத்தது. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் 193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டது. குலுக்கல் முறையில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி வீட்டிலேயே. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், வேலை, அரை வயிற்றுச் சாப்பாடு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும். 1959-ல் முடிவு வெளியானது. குணமாவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை!

உலகமே திரும்பிப் பார்த்தது. சானடோரியங்களின் காலம் முடிந்தது. நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து, 'மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு ரெண்டாம்பட்சம்' என்கிற நினைப்பும் ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. நோயாளி குணமாவாரா என்ற கேள்விக்குத்தான் அந்த ஆராய்ச்சி அப்படிப் பதில் சொன்னது. வயிறு நிறைந்திருந்தால் கூட இருக்கிறவர்களுக்கு நோய் வராமல் தடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வர இன்னும் 64 வருஷம் ஆனது.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். சிரித்தார்.

"தம்பி, பேஷன்டுக்கு முட்டை சாப்பிடச் சொல்லி எழுதிக் குடுப்பாங்க. வீட்டுல போய்ப் பார்த்தா முட்டை புள்ளைங்க தட்டுல இருக்கும். 'ஏம்மா, நீ சாப்பிடலையா?'ன்னா, 'எனக்கெதுக்கு சிஸ்டர், அது வளர்ற புள்ளை'ம்பா. புருஷனுக்கு நோய்னா முட்டை அவருக்குப் போகும். பொண்டாட்டிக்கு நோய்னா? அவதானே பரிமாறுறா... கடைசியில சட்டியில மிச்சம் இருக்குறதுதான் அவளுக்கு. ஒரு ஆளுக்குக் குடுத்த சாப்பாட்டை அஞ்சு பேருக்குப் பிரிச்சா அது மருந்தா வேலை செய்யுமா, சொல்லுங்க?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம், ஒரு பக்கம் பற்று எழுதினால் மறு பக்கம் வரவு எழுத வேண்டும். நோயாளிக்கு மட்டும் சத்துணவு எழுதிவிட்டு, அந்த வீட்டுப் பானையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் ஐந்தொகை எப்படி டேலி ஆகும்?

அந்தக் கணக்கைத்தான் ஜார்க்கண்ட் மாநிலத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஆராய்ச்சியின் பெயர் 'ரேஷன்ஸ்'. நம்ம ரேஷனேதான்! செய்தவர்கள், சென்னை சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் (1956-ல் தொடங்கிய அதே மையத்தின் இன்றைய பெயர்) மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும். 2019-ல் தொடங்கினார்கள். நாலு மாவட்டம், 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த 10,345 பேர். பெரும்பாலும் பழங்குடிக் குடும்பங்கள். நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு இருக்க வேண்டிய எடை இல்லை.

நோயாளிகள் எல்லாருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், சத்து மாத்திரை. இதில் யாருக்கும் பாரபட்சம் இல்லை. வித்தியாசம் குடும்பத்தில்தான். ஒரு தரப்பில் வீட்டில் உள்ளவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. இன்னொரு தரப்பில் நோயாளிக்கு மட்டும். களப்பணியாளர்கள் பையோடு போனார்கள், எடை போட்டார்கள், யாருக்காவது இருமல் உண்டா என்று விசாரித்தார்கள். 2022 வரை கவனித்தார்கள்.

2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. குடும்பத்துக்குச் சாப்பாடு கொடுக்காத தரப்பில் 122 பேருக்குப் புதிதாகக் காசநோய். கொடுத்த தரப்பில், ஆள் எண்ணிக்கை கூடுதலாக இருந்தும், 96 பேருக்குத்தான். எல்லாவற்றையும் சரிக்கட்டிக் கணக்குப் போட்டால் நோய் வருவது 39 சதவீதம் குறைவு! சளிப் பரிசோதனை மாதிரி சோதனைகளில் கிருமி உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. ஊசி இல்லை, புது மருந்து இல்லை. அரிசியும் பருப்பும்!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. பல பேர் உடம்பில் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். காவல் காக்கிற எதிர்ப்புச் சக்தி பட்டினியில் அசந்தால் அது எழுந்துகொள்ளும்.

நோயாளிகளைப் பற்றியும் ஒரு தகவல் கிடைத்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆசாமிக்கு 5 சதவீதம் என்றால் வெறும் 2 கிலோ! நோய் முற்றியவர்களுக்கு எடை ஏறுவது கஷ்டம் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் எடை ஏறவில்லை என்பது ஓர் அபாய மணி. அந்த மணியை முதலில் கேட்கிறவர் எடை மெஷின் பக்கத்தில் நிற்கிற நர்ஸ்தான்.

சரி, இதற்கு எவ்வளவு செலவாகும்? ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்க 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் மளிகைக் கடை விலையில் தலைக்கு மாதம் 500 ரூபாய், ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டால் மூன்றேகால் லட்சத்துக்கு மேலே போகிறது. 'அம்மாடி!' என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் மறு பக்கத்தையும் எழுத வேண்டுமே! ஒருவருக்கு நோய் வந்தால் ஆறு மாத மருந்து, போன கூலி, வாங்கிய வட்டிக் கடன், பாதியில் நின்ற பிள்ளையின் படிப்பு, அவர் இருமி இன்னும் எத்தனை பேருக்குப் போகுமோ அது. இதெல்லாம் போகட்டும். மீதி 110 பேர் சாப்பிட்டது வீண் செலவா? பசித்த வயிற்றுக்குள் போன பருப்பை நஷ்டம் என்று எழுத எந்த லெட்ஜரிலும் இடமில்லை.

அரசாங்கமும் அசைந்திருக்கிறது. காசநோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்காக 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நன்கொடையாளர்கள் மூலம் உணவுப் பை கொடுக்கிற திட்டத்தில் வீட்டில் இருப்பவர்களையும் சேர்ப்பதாக 2024-ல் அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' வந்தது. நோய் தெரிந்ததுமே நோயாளியின் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்ப்பார்கள். எக்ஸ்ரே கூட வேண்டாம், ஒரு நர்ஸே சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஐந்தே கால் அடி, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதுவே ஆபத்து, அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று கணக்கு.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் நர்ஸிங் பற்றி எழுதிய புத்தகத்தில் நோயாளியின் சாப்பாட்டுக்கென்றே இரண்டு அத்தியாயம் ஒதுக்கினார். நர்ஸம்மாவிடம் சொன்னேன். "அந்தம்மா சொன்னது சரி தம்பி. இன்னொரு அத்தியாயம் வேணும். நோயாளியோட வீட்டுக்காரங்க சாப்பாடு!" என்றார்.

உங்களுக்கு மூன்றே விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவு என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்ற எல்லாரும் பரிசோதனைக்குப் போங்கள். மாதாமாதம் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போகிறோம். காசநோய் வீட்டுக்குப் போனால் இரண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கிப் போங்கள். அதைச் சமைக்கிற அம்மாவின் கையிலேயே கொடுத்து, "இது உங்களுக்கும் சேர்த்துத்தாம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.