துருவத்தில் பனி உருகினால் நமக்கு என்ன? சிறு பிள்ளைகளுக்கு விளக்கும் வழி



பருவநிலை மாற்றம் என்ற தலைப்பு வந்தாலே நம்ம மாணவர்கள் பலர் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருப்பார்கள்: "வட துருவத்தில் பனி உருகுகிறது. அதனால் கடல்மட்டம் உயர்ந்து சிங்கப்பூர் மூழ்கிவிடும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கு. தேர்வாளர் "எப்படி?" என்று கேட்டால் பதில் அங்கேயே நின்றுபோகும். அந்தப் படியை ஆறு வயதுத் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்க முடிந்தால், தேர்விலும் தடுமாற்றம் இருக்காது.

1. முதலில் 'பனி'

முன்பனி, பின்பனி என்று நம் பருவங்களிலேயே பனி உண்டு. ஆனால் அது புல்லில் படியும் பனித்துளி. துருவத்தில் இருப்பது கெட்டியான பனிக்கட்டி. சிங்கப்பூர்ப் பிள்ளைக்குத் தெரிந்த பனிக்கட்டி ஐஸ் கச்சாங்கிலும் குளிர்பதனப் பெட்டியிலும்தான் இருக்கு. அங்கிருந்தே தொடங்குங்க.

2. மிதக்கும் பனி, நிலத்துப் பனி

வட துருவத்தில் இருப்பது கடல். அதன்மேல் சில மீட்டர் தடிமனுள்ள பனி மிதக்கிறது. தென் துருவத்தில் இருப்பது அண்டார்ட்டிகா என்ற கண்டம். அந்த நிலத்தின்மேல் சராசரியாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி கிடக்கிறது. நம்ம புக்கித் தீமா குன்றின் உயரம் சுமார் 164 மீட்டர். அதைப்போல் பதினொரு குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தத் தடிமன் வராது! வடக்கே உள்ள கிரீன்லாந்திலும் பனி நிலத்தின்மேல்தான் இருக்கிறது.

3. இரண்டு கிண்ணச் சோதனை

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்க.

• முதல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நான்கு ஐஸ் கட்டிகளை மிதக்க விடுங்க.
• இரண்டாவது கிண்ணத்தில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து, கல்லின்மேல் நான்கு கட்டிகளை வையுங்க.
• இரண்டிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, கட்டிகள் முழுதும் உருகும்வரை காத்திருங்க.

முதல் கிண்ணத்தில் நீர் கோட்டிலேயே நிற்கும். இரண்டாவதில் கோட்டைத் தாண்டும். காரணம், மிதக்கும் கட்டி தனக்கு வேண்டிய இடத்தைத் தண்ணீரில் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. கல்லின்மேல் இருந்த கட்டியோ புதிதாகத் தண்ணீருக்குள் வருகிறது. கடலிலும் இப்படித்தான். கடல்மட்டத்தை உயர்த்துவது நிலத்துப் பனி.

"அப்படின்னா மிதக்கிற பனி உருகினா பரவாயில்லையா, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். பரவாயில்லை என்று சொல்லிவிடாதீங்க. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பனி போய்விட்டால் கருநிறக் கடல் அந்த வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வெயிலில் கறுப்புச் சட்டை போட்டால் எப்படிச் சுடும், அதுபோலத்தான். பூமி மேலும் சூடாகும்போது நிலத்துப் பனியும் உருகும். சூடேறும் கடல்நீரும் விரிவடையும். கடல்மட்டம் உயர அதுவும் ஒரு காரணம்.

4. குவீன்ஸ்டவுனுக்கும் துருவத்துக்கும் என்ன தொடர்பு?

கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டர் அளவுக்கு உயரும். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். நாளைக்கே மூழ்கிவிடுவோம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். 2024 ஜனவரியில் வெளிவந்த தேசியப் பருவநிலை ஆய்வின்படி, சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் 2100-க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம். ஏறக்குறைய ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் உயரம்! நம் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது.

குவீன்ஸ்டவுன் கடலோரத்தில் இல்லையே என்று நினைக்கலாம். இந்தப் பக்கம் பெய்யும் மழை அலெக்ஸாண்டிரா கால்வாய் வழியாகச் சிங்கப்பூர் ஆற்றில் சேர்ந்து மரீனா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அதன் வாயிலில் 2008-இல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு நிற்கிறது. கடல் தாழ்ந்திருக்கும்போது கதவுகளைத் திறந்து வெள்ளத்தை வெளியேற்றலாம். கடல் உயர்ந்திருந்தால் பம்புகள்தான் நீரை இறைத்துக் கடலில் விட வேண்டும். கடல்மட்டம் உயர உயரப் பம்புகளுக்கு வேலை கூடும். இந்தச் சங்கிலியைப் பலகையில் வரைந்து காட்டுங்க; பிள்ளைகள் மறக்க மாட்டாங்க.

5. மொழிக் குறிப்பு

• பனி உருகுகிறது (தன்வினை). வெப்பம் பனியை உருக்குகிறது (பிறவினை).
• கடல்மட்டம் உயர்கிறது. உருகிய நீர் கடல்மட்டத்தை உயர்த்துகிறது.
• பனி என்றால் குளிர்ச்சி, பணி என்றால் வேலை. உச்சரிப்பில் கவனம்!

6. பயிற்சி

பழைய வாக்கியத்தை இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்க: "பூமி சூடாவதால் அண்டார்ட்டிகாவிலும் கிரீன்லாந்திலும் நிலத்தின்மேல் உள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது. அதனால் கடல்மட்டம் உயர்கிறது. தாழ்வான நிலப்பகுதிகள் கொண்ட சிங்கப்பூர் அதற்கு இப்போதே தயாராக வேண்டியிருக்கிறது." இதோடு இரண்டு கிண்ணச் சோதனையையும் உங்கள் சொந்தச் சொற்களில் சேர்த்துக்கொண்டால், தேர்வாளரின் "எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும்.