கிருமி இல்லாத காய்ச்சல்

திடீரென்று உடம்பு கொதிக்கும். வயிறு தொடவிடாமல் வலிக்கும். குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவை சிகிச்சைவரை போனவர்கள் உண்டு. ஒன்று முதல் மூன்று நாளில் எல்லாம் தானாகத் தணியும். பிறகு மறுபடி வரும். எந்தக் கிருமியும் அகப்படாது. துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், யூதர் குடும்பங்களில் வழிவழியாக வரும் இதற்குக் குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் என்று பெயர்.

காரணமான மரபணுவை 1997இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. 16ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் பெயர் எம்.இ.எஃப்.வி. உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் அது இருக்கிறது. ஆனால் அதைப் படித்துப் புரதம் செய்பவை பெரும்பாலும் நியூட்ரோஃபில், மோனோசைட் போன்ற வெள்ளணுக்கள்தான். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் கூடும்போது மோனோசைட்டுகள் அதை இன்னும் மும்முரமாகப் படிக்கின்றன. பிறவியிலேயே உடம்பெங்கும் இருக்கும் பிழை, வெள்ளணுக்களின் கோபமாக மட்டும் வெளிப்படுவது இதனால்தான்.

அந்தப் புரதம் பைரின். சில பாக்டீரியாக்களின் நஞ்சு, செல்லுக்குள் இருக்கும் ரோ-ஏ என்ற புரதத்தை முடக்கும். அதை உணர்ந்து பைரின் விழித்துக்கொள்ளும், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியேறும், காய்ச்சல் மூளும். மற்ற வேளைகளில் பாஸ்பேட் குறிகள் பைரினைத் தாழிட்டு வைத்திருக்கும். இந்த நோயில் தாழ்ப்பாள் தளர்ந்துபோகிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, பைரினின் 694ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் வாலின் அமர்ந்தாலே நோய் கடுமையாகலாம்.

இவ்வளவு துன்பம் தரும் பிழை தலைமுறைகள் கடந்தும் ஏன் அழியவில்லை? பிளேக் கிருமி யாப்-எம் என்ற புரதத்தால் பைரினை அடக்கிவிட்டுத்தான் உடம்பில் பரவுகிறது. பிழையுள்ள பைரின் அந்தப் பிடியில் எளிதில் சிக்குவதில்லை என்று 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இந்தப் பிழையைப் புகுத்திய எலிகள் பிளேக்கைக் கூடுதலாகத் தாங்கின. கொள்ளைநோய்க் காலங்களில் இதே பிழை பலர் உயிரைக் காத்திருக்கலாம் என்ற கருத்து எனக்கு வலுவானதாகவே படுகிறது.

மருந்து 1972இலேயே கிடைத்துவிட்டது: கோல்ச்சிசின். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சுதான். விதைக்காகவே தமிழ்நாட்டு உழவர்கள் அந்தச் செடியைக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். அளவு மீறினால் உயிரைக் குடிக்கும் இந்தப் பொருள், மருத்துவர் சொன்ன சிற்றளவில் செல்லின் நுண்குழாய்களைக் குலைத்து, ரோ-ஏவைத் தூண்டிவிட்டுப் பைரினை அடக்குகிறது. வலி இல்லாத நாளிலும் மாத்திரையை விடக்கூடாது. நின்றுபோனால் அழற்சி ஓசையின்றித் தொடரும்; அமிலாய்டு என்னும் புரதப் படிவு சிறுநீரகத்தில் சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்யும்.