பழைய வீட்டு வயரிங்: எதை முதலில் மாற்றுவது?

எங்கள் தாத்தா வீட்டு வயரிங் அறுபதுகளில் செய்தது. சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, கிளிப் போட்டு ஓட்டிய ரப்பர் வயர். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே, எதுக்கு மாத்தணும்?" என்பார் பெரியப்பா. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடியபோது எடுத்த குறிப்புகள் இவை.

முதலில் ரப்பர். உள்ளே இருக்கும் செம்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது, மேலுறைதான் கெடும். சூட்டிலும் காற்றிலும் காய்ந்துபோன ரப்பர், வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். தொடாதவரை ஒன்றும் தெரியாது. ஃபேன் மாற்றும்போதுதான் வெறும் செம்பு வெளியே வரும். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். மெகர் என்ற கருவி 500 வோல்ட் கொடுத்து மேலுறையின் தடையை அளக்கும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது லோடு. நாலு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோவுக்காகப் போட்ட லைன் அது. இன்றைக்கு 2000 வாட் கீசர் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்கு. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று கட்டையில் தடிமனான கம்பியைச் சுற்றினால், ஃபியூஸுக்குப் பதிலாகச் சுவரில் இருக்கும் வயர் சூடாகும்.

"அதான் எம்.சி.பி. போட்டாச்சே" என்பார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஈரக் கையோடு, வெறுங்காலோடு நிற்பவரின் உடம்புத் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். உயிர் போக அது போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது கணக்கிலேயே வராது. மனிதரைக் காப்பாற்றுவது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வரவில்லை என்றால் உடனே துண்டித்துவிடும்.

எர்த் இல்லாத வீட்டிலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் அங்கே யாராவது தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தால் கசிவு வந்தவுடனே விழுந்துவிடும். எர்த் இல்லையென்று மூணு பின் சாக்கெட்டில் நியூட்ரலையே எர்த் முனையில் லூப் போடுவது ரொம்ப ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

மொத்த வீட்டையும் ஒரேயடியாக மாற்றப் பணம் இல்லையென்றால், நான் போட்ட வரிசை இது:

1. மெயினில் ஆர்.சி.சி.பி., கூடவே எம்.சி.பி.கள்.
2. எர்த் குழி, எல்லா சாக்கெட்டுக்கும் பச்சை வயர்.
3. கீசர், ஏ.சி.க்குத் தனித்தனி 4 ஸ்கொயர் லைன். சமையலறை சாக்கெட்டுகளுக்கு 2.5.
4. கடைசியாக விளக்கு, ஃபேனுக்கு 1.5. ஆனால் மெகரில் தோற்ற லைன் எதுவானாலும் காத்திருக்கக் கூடாது.

ஆர்.சி.சி.பி. போட்டதும் அடிக்கடி விழலாம். "பழைய வீட்டுக்கு இது சரிப்படாது சார், எடுத்துடலாம்" என்று சொல்வார்கள். எடுக்க விடாதீர்கள். ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறிய ஜங்ஷன் பாக்ஸோ, உதிர்ந்த ரப்பரோ, கீசர் காயிலோ அகப்படும். பெரியப்பாவின் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.