ரட்ஜ் மல்டியும் நம்ம வீட்டு ஸ்கூட்டரும்

ஜி.டி.நாயுடுவின் மோட்டார்சைக்கிள் கதை கோவைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வண்டியைப் பார்த்து அசந்துபோய், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கிக் கழற்றி மாட்டிப் பழகினார் என்பார்கள். 1920ல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டதெல்லாம் அப்புறம். கதை சொல்கிறவர்கள் எல்லோரும் நாயுடுவோடு போய்விடுகிறார்கள், வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரட்ஜ் லேசுப்பட்ட கம்பெனி இல்லைங்க.

அன்றைய மோட்டார்சைக்கிள்கள் பலவற்றில் கியர்பாக்ஸே கிடையாது. எஞ்சின் புல்லியிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரே ஒரு வி-பெல்ட், அவ்வளவுதான். சமதரையில் ஜோராகப் போகும். மருதமலை மாதிரி ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கினால் பெல்ட் மேலே ஏறும். விலக்கினால் உள்ளே இறங்கும். ஏறினால் பெரிய புல்லி, இறங்கினால் சின்ன புல்லி. கியர் மாறிவிட்டது! ஆனால் முன்புல்லியை மட்டும் சின்னதாக்கினால் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். ஜெனித் கம்பெனி இதற்காகப் பின்சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தியது. (மலையேற்றப் போட்டிகளில் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் தடை போட்டார்கள். அவர்கள் அந்த 'தடை' என்ற வார்த்தையையே டிரேட்மார்க்கில் சேர்த்துக்கொண்டார்கள். குசும்பு!)

ரட்ஜ் மல்டி செய்தது இன்னும் அழகு. டேங்க் பக்கத்தில் நீளமாக ஒரு லீவர். அதைத் தள்ளினால் முன்புல்லி நெருங்கும், அதே நேரத்தில் பின்சக்கரத்துப் புல்லி விலகும். கணக்குக்காக முன்புல்லி ஆரம் 2 அங்குலம், பின்னால் 10 என்று வையுங்கள். விகிதம் 5. முன்னால் ஒன்று கூட்டிப் பின்னால் ஒன்று குறைத்தால் 3க்கு 9, விகிதம் 3. கூட்டுத்தொகை இரண்டு தடவையும் 12, அதனால் பெல்ட்டின் இறுக்கம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கவனித்தீர்களா? பெரிய மாற்றம் முன்னால்தான் நடக்கிறது. பின்புல்லியின் முக்கிய வேலை தொய்வை வாங்கிக்கொள்வது. லீவருக்குச் சுமார் இருபது பல்வெட்டு, ஆக இருபது கியர். 1914ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை சிரில் புல்லின் இந்த வண்டியில்தான் ஜெயித்தார்.

அப்புறம் ஏன் காணாமல் போச்சு? பெல்ட்தான் காரணம். சின்ன புல்லியில் பெல்ட் பிடிக்கிற இடம் கொஞ்சம். மழையில் நனைந்தால் வழுக்கும், தேய்மானமும் ஜாஸ்தி. செயினும் கியர்பாக்ஸும் தேறியதும் 1920களின் தொடக்கத்தில் மல்டி நின்றுபோனது. என் பார்வையில் யோசனையில் கோளாறு இல்லை, அந்தக் காலத்துப் பெல்ட்டுக்குத்தான் அவ்வளவு தெம்பு இல்லை.

நல்ல ரப்பரும் உள்ளே வலுவான இழையும் வந்தபிறகு அதே சங்கதி திரும்பி வந்தது. ஹாலந்தில் 1958ல் டாஃப் கார், நம்ம ஊரில் கைனெடிக் ஹோண்டா, பிறகு ஆக்டிவா. லீவர் மட்டும் போய்விட்டது. எஞ்சின் வேகம் கூடக்கூட உள்ளே இருக்கும் உருளைகள் வெளியே ஓடி முன்புல்லியை நெருக்கும். பின்னால் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு தட்டுகள் விலகும்.

அடுத்த தடவை மெக்கானிக் ஸ்கூட்டரின் இடதுபக்க மூடியைக் கழற்றி ஆக்சிலேட்டரை முறுக்கும்போது கிட்டே நின்று பாருங்க. முன்னால் பெல்ட் மேலே ஏறும், பின்னால் உள்ளே இறங்கும்.