டயாலிசிஸ் நோயாளிகளின் உறக்கமும் சோர்வும்

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.2 லட்சம் பேர் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதி நிலையை அடைகின்றனர் என 2016-17ஆம் ஆண்டு மத்திய வரவு-செலவுத் திட்ட உரை குறிப்பிட்டது. அவ்வுரையில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், மாவட்ட மருத்துவமனைகளில் வறியோருக்கு டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு இலவசமாகச் செய்யப்படுகிறது. எனினும், இதனால் உயிர் பிழைத்தோரில் பலர் மீண்டும் வேலைக்குச் செல்ல இயலாதிருக்கின்றனர். தீராத சோர்வும் உறக்கக் குறைவும் இதற்கு முக்கியக் காரணங்களாகும்.

நலமான சிறுநீரகம் இரவும் பகலும் ஓயாது செய்யும் பணியை, இயந்திரம் பொதுவாக வாரத்திற்கு 3 முறை, சுமார் 4 மணி நேரம் வீதம் செய்கிறது. உடலில் தேங்கிய நீர் குறுகிய நேரத்தில் வெளியேற்றப்படும்போது இரத்த அழுத்தம் தாழக்கூடும்; அதனால் உண்டாகும் களைப்பு நீங்கச் சிலருக்கு மறுநாள் வரை ஆகிறது. மேலும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்னும் பொருளைப் பழுதுற்ற சிறுநீரகம் போதிய அளவு சுரப்பதில்லை. இதனால் இரத்தசோகை தோன்றிச் சோர்வு மிகுகிறது.

இரவிலோ தோல் அரிப்பும், கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் உணர்வும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. படுத்தவுடன் உடலில் மிகுந்துள்ள நீர் கழுத்துப் பகுதிக்கு நகர்ந்து மூச்சுப்பாதையை நெருக்குவதால், உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் 14 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு இங்கு கருதத்தக்கது. நாள்தோறும் இரவில் நெடுநேரம் டயாலிசிஸ் செய்தபோது, இத்தகைய மூச்சுத் தடைகள் மணிக்கு 25இலிருந்து 8ஆகக் குறைந்தன. ஆகவே, இக்குறையைத் தணிக்க முடியும் என்பது தெளிவாகிறது.

இவ்வளவு நீண்ட சிகிச்சை எங்கும் இயலாது. ஆயினும், எளிய வழிகள் பல உள்ளன. உப்பைக் குறைத்தால் தாகமும் நீர்த்தேக்கமும் குறையும். ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் தவறாது சோதித்து மருந்தளிக்கலாம். மருத்துவர் இசைவுடன் செய்யும் மிதமான உடற்பயிற்சி பயன் தரும். தாமாகத் தூக்க மாத்திரை உட்கொள்வது ஆபத்தானது.

தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வருவோருக்கு விடியற்காலை முறை ஒதுக்கினால், அவர்கள் உறக்கத்தை இழந்தே வரவேண்டியிருக்கும். முறை ஒதுக்கும் அலுவலர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வயிற்றறை வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு உரிய திரவப் பைகளை இல்லத்திற்கே வழங்க வகை செய்தது. பயணக் களைப்பைத் தவிர்க்க இதுவும் ஒரு வழியாகும்.

நடைபெற்ற சிகிச்சைகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறிப்பதோடு, "நன்றாக உறங்கினீர்களா? வேலை செய்ய முடிகிறதா?" என்று கேட்டு அவ்விடைகளையும் குறிப்பது அவசியம். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. திட்டத்தின் பயனை முழுமையாக அளவிட அவ்விடைகளே துணைபுரியும்.